வயிறு ஓர் அடுப்பா, அரவைக் கல்லா? – செரிமானம் கண்டறியப்பட்ட வரலாறு

ஒரு நாய்க்கு இறைச்சித் துண்டு ஒன்றைப் போட்டுப் பாருங்கள். அது நிதானமாக மென்று தின்னாது. இரண்டு கடி கடிக்கும், தலையை ஒருமுறை உதறும், அப்படியே விழுங்கிவிடும். அருகில் படுத்திருக்கும் மாடு இதற்கு நேர்மாறானது. அதன் முன்னால் ஒரு புல்கூட இருக்காது. ஆனாலும் வாய் மட்டும் மணிக்கணக்காக அசைந்துகொண்டே இருக்கும். கோழிக்கோ பல்லே கிடையாது. இருந்தும் கடினமான தானியத்தைக் கொத்தி விழுங்கிச் செரித்தும் விடுகிறது.

இந்த மூன்று உயிர்களும் மனிதனோடு பல ஆயிரம் ஆண்டுகளாக ஒரே முற்றத்தில் வாழ்கின்றன. ஆனால் அவை விழுங்கிய உணவு உள்ளே போய் என்ன ஆகிறது என்ற எளிய கேள்விக்குச் சரியான விடை 18-ஆம் நூற்றாண்டில்தான் கிடைக்கத் தொடங்கியது. அதுவரை அறிஞர்கள் ஊகித்தார்கள். வயிறு உணவை வேகவைக்கும் அடுப்பு என்றார்கள் சிலர். அரைக்கும் கல் என்றார்கள் வேறு சிலர். உணவைப் புளிக்க வைக்கும் பானை என்றவர்களும் உண்டு.

விடை ஒரே விலங்கிடமிருந்து வரவில்லை. ஒவ்வொரு விலங்கின் உடலும் வேறு மாதிரி அமைந்திருப்பதால், ஒவ்வொன்றும் விடையின் ஒரு பகுதியைத்தான் சொன்னது. வான்கோழி ஒன்றைச் சொன்னது, பருந்து வேறொன்றைச் சொன்னது, ஆடும் முயலும் நாயும் மீதியைச் சொல்லின. அதற்காக அவை கொடுத்த விலையும் இந்த வரலாற்றின் ஒரு பகுதியே.

வாயில் தொடங்கும் வேறுபாடு

முதலில் பற்களைக் கவனிக்க வேண்டும். வளர்ந்த நாய்க்கு 42 பற்கள் உண்டு, பூனைக்கு 30. முன்னால் உள்ள கோரைப் பற்கள் இரையைக் கவ்விப் பிடிக்க உதவுகின்றன. பக்கவாட்டில் மேலும் கீழுமாக உள்ள இரண்டு பெரிய பற்கள் கத்தரிக்கோலின் இரு அலகுகளைப் போல உரசிச் செல்லும். இறைச்சியை வெட்டுவது இவைதான். நாய் எலும்பைக் கடிக்கும்போது தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொள்வதற்குக் காரணமும் இதுவே. தாடை கதவின் கீல் போல மேலும் கீழும்தான் அசையும், பக்கவாட்டில் அதிகம் நகராது. ஆகவே நாயால் வெட்ட முடியும், நொறுக்க முடியும், ஆனால் அரைக்க முடியாது.

மாட்டுக்கு மேல்தாடையில் முன்பற்களே இல்லை. அந்த இடத்தில் தடித்த ஈறு ஒன்று இருக்கும். கீழ்ப் பற்களுக்கும் அந்த ஈறுக்கும் நடுவில் புல்லை வைத்து அறுத்து, முதலில் அரைகுறையாக விழுங்கிவிடுகிறது. பிறகு ஓய்வாகப் படுத்துக்கொண்டு அதையே வாய்க்குக் கொண்டுவந்து, தாடையைப் பக்கவாட்டில் ஆட்டி அரைக்கிறது. அசைபோடுதல் என்பது இதுதான்.

கோழிக்கு அரைக்கும் வேலை வயிற்றிலேயே நடக்கிறது. அதன் இரைப்பையின் ஒரு பகுதி தடித்த தசையால் ஆன அரைவைப்பை. கோழி கொத்தி விழுங்கும் சிறு கற்கள் அங்கே தங்கிப் பல்லின் வேலையைச் செய்கின்றன.

அடுப்பு என்ற கொள்கை

இந்த வேறுபாடுகளை முதலில் முறையாக எழுதிவைத்தவர் கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில். கொம்புள்ள விலங்குகளுக்கு மேல் முன்பற்கள் இல்லை என்பதையும், அவற்றுக்கு ஒன்றன்பின் ஒன்றாக நான்கு வயிறுகள் இருப்பதையும் அவர் குறிப்பிட்டார். வாய் தன் வேலையை முழுமையாகச் செய்யாததால், அக்குறையை வயிறுகள் அடுத்தடுத்து ஈடுசெய்கின்றன என்பது அவருடைய விளக்கம். இன்று பார்த்தாலும் அது வியக்கத்தக்க கவனிப்புதான்.

ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்பதில் அவர் சமையலறையை உவமையாகக் கொண்டார். உடலின் வெப்பம் உணவைச் சமைக்கிறது என்றார். பழம் பழுப்பதும் சோறு வேகுவதும் வயிற்றில் உணவு செரிப்பதும் அவருக்கு ஒரே வகை நிகழ்ச்சிகள்.

கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் ரோமப் பேரரசில் புகழ்பெற்ற மருத்துவர் காலன் இதை மேலும் வளர்த்தார். அவர் பன்றிகளுக்கு மாவும் நீரும் கலந்து கொடுத்து, மூன்று நான்கு மணி நேரம் கழித்து அறுத்துப் பார்த்தார். உணவு வெறுமனே வழிந்தோடிவிடாமல் இரைப்பையிலேயே தங்கியிருப்பதைக் கண்டார். உணவு இரைப்பையில் வெந்து, கல்லீரலில் இரத்தமாகிறது என்பது அவருடைய கொள்கை. ஏறத்தாழ 1,400 ஆண்டுகள் ஐரோப்பிய மருத்துவம் இதையே நம்பியது.

அரவைக் கல்லா, புளிக்கும் பானையா?

17-ஆம் நூற்றாண்டில் இந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. பிரஸ்ஸல்ஸ் பகுதியைச் சேர்ந்த வான் ஹெல்மான்ட் என்ற மருத்துவர் ஓர் எளிய கேள்வி கேட்டார். வெப்பம்தான் உணவைச் செரிக்கிறது என்றால், குளிர்ந்த உடல் கொண்ட மீன் எப்படிச் செரிக்கிறது? காய்ச்சல் கண்டவனின் உடல் கொதிக்கிறதே, அவனுக்கு ஏன் பசி எடுப்பதில்லை? வயிற்றில் உள்ள புளிப்பும் ஒருவகை நொதிப்பும்தான் உணவை மாற்றுகின்றன என்று அவர் வாதிட்டார். அவருடைய நூல் அவர் இறந்த பிறகு 1648-இல் வெளிவந்தது.

அதே காலத்தில் இத்தாலியில் வேறொரு அணி உருவானது. 1657-இல் பிளாரன்ஸ் நகரில் தொடங்கப்பட்ட சோதனைக் கழகத்தைச் சேர்ந்தவர்கள் கோழிகளுக்கும் வாத்துகளுக்கும் கண்ணாடி உருண்டைகளை விழுங்கக் கொடுத்தார்கள். பிறகு அறுத்துப் பார்த்தபோது கண்ணாடி தூளாகிக் கிடந்தது. உடலை ஓர் இயந்திரமாகப் பார்த்த பொரெல்லி என்ற அறிஞர் பறவையின் அரைவைப்பைக்கு எவ்வளவு விசை உண்டு என்று கணக்கிட முயன்றார். கண்ணாடியையே பொடியாக்கும் வயிற்றுக்கு வேறு சாறு எதற்கு என்று இயந்திர அணியினர் நினைத்ததில் வியப்பில்லை.

இவ்வாறு இரு அணிகளும் எதிரெதிரே நின்றன. இரண்டு பக்கமும் உண்மை இருந்தது. ஆனால் பார்த்த விலங்குகள்தான் வேறு வேறு.

பருந்து சொன்ன சாட்சி

வழக்கைத் திருப்பியவர் பிரான்ஸ் நாட்டு அறிஞர் ரெயோமூர். வெப்பமானியில் தன் பெயரால் ஓர் அளவுமுறையை உண்டாக்கியவர் இவர். இவர் வளர்த்த பருந்து ஒன்று அவருக்குப் பெரும் உதவியாக அமைந்தது. பருந்து தன்னால் செரிக்க முடியாத எலும்பையும் இறகையும் கக்கிவிடும் இயல்புடையது. அந்த இயல்பையே அவர் கருவியாக்கினார்.

சிறிய உலோகக் குழாய் ஒன்றை எடுத்து, அதற்குள் இறைச்சித் துண்டை வைத்தார். இரு முனைகளையும் நூல் வலை போலக் கட்டினார். குழாய்க்குள் சாறு நுழையலாம், ஆனால் வயிற்றின் தசை இறைச்சியைத் தொட முடியாது. அதைப் பருந்துக்கு விழுங்கக் கொடுத்தார். கக்கிய குழாயைத் திறந்து பார்த்தபோது இறைச்சி பெருமளவு கரைந்திருந்தது. குழாய் நசுங்கவில்லை. இறைச்சியில் அழுகல் நாற்றமும் இல்லை. அடுத்து, குழாய்க்குள் பஞ்சுறிஞ்சியை வைத்துக் கொடுத்து அந்தச் சாற்றையே வெளியே எடுத்தார். பறவையைக் கொல்லாமலேயே அதன் இரைப்பை நீரைப் பெற்ற சோதனை இது.

ஆனால் தானியம் தின்னும் பறவைகளில் முடிவு வேறாக இருந்தது. குழாய்க்குள் வைத்த முழுத் தானியம் அப்படியே வெளியே வந்தது. வலுவில்லாத குழாய்கள் நசுங்கிப்போயின. செம்மறி ஆட்டுக்குக் குழாயில் வைத்துக் கொடுத்த புல்லும் மாறாமல் இருந்தது. எனவே, ஊன் உண்ணும் பறவை கரைக்கிறது, தானியம் உண்ணும் பறவை அரைக்கிறது என்று அவர் பிரித்துச் சொன்னார். 1752-ஆம் ஆண்டுக்குரிய பிரெஞ்சு அறிவியல் கழக ஏட்டில் இந்தச் சோதனைகள் இடம்பெற்றன.

மென்ற இலையும் மெல்லாத இலையும்

ரெயோமூர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தவர் இத்தாலியின் பாவியா பல்கலைக்கழகப் பேராசிரியர் லாசரோ ஸ்பல்லன்சானி. இவர் ஒரு பாதிரியார். சளைக்காத சோதனைக்காரர். கோழி, வான்கோழி, காகம், தவளை, பாம்பு, மீன், ஆடு, நாய், பூனை என்று கைக்குக் கிடைத்த உயிர்களுக்கெல்லாம் குழாய்களை விழுங்கக் கொடுத்தார்.

வான்கோழிக்கு ஊசிகள் பதித்த ஈய உருண்டைகளைக் கொடுத்தார். ஊசிகள் ஒடிந்து மழுங்கின, பறவையின் அரைவைப்பையில் காயம் இல்லை. அரைவைப்பையின் வலிமையை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. ஆனால் அவர் அங்கே நிற்கவில்லை. தானியத்தை முன்கூட்டியே நசுக்கிக் குழாய்க்குள் வைத்துக் கொடுத்தார். இப்போது அது கரைந்தது! முழுத் தானியம் கரையவில்லை, நசுக்கிய தானியம் கரைகிறது.

ஆட்டிடமும் இதே கதைதான். குழாய்க்குள் பச்சை இலையை அப்படியே வைத்தால் மாற்றமில்லை. அதே இலையைத் தானே வாயில் போட்டு மென்று, பிறகு குழாய்க்குள் வைத்து ஆட்டுக்குக் கொடுத்தார். அது செரித்தது.

நூறாண்டுச் சண்டைக்கு முடிவு கட்டிய சோதனை என்று இதைச் சொல்லலாம். அரைப்பது ஆயத்த வேலை, கரைப்பதுதான் செரிமானம். எல்லா விலங்குகளிலும் கரைக்கும் சாறு உண்டு. அரைக்கும் வேலையை யார் செய்வது என்பதில்தான் வேறுபாடு. மனிதனுக்குக் கடைவாய்ப் பல், மாட்டுக்கு அசைபோடும் தாடை, கோழிக்கு அரைவைப்பை. நாய்க்கு அவ்வளவாகத் தேவையே இல்லை. ஏனென்றால் இறைச்சியைச் சுற்றி உமியோ நார்ச்சுவரோ கிடையாது, சாறு நேரடியாக உள்ளே நுழைந்துவிடும். நாய் மெல்லாமல் விழுங்குவதற்குப் பேராசை மட்டும் காரணமில்லை, அதன் உணவுக்கு மெல்லுதல் அவசியமும் இல்லை.

ஸ்பல்லன்சானி தன்னையும் விட்டுவைக்கவில்லை. மென்ற ரொட்டியைச் சிறு துணிப்பையில் வைத்துத் தைத்து விழுங்கினார். ஏறத்தாழ ஒரு நாள் கழித்துப் பை வெளியே வந்தது. தையல் பிரியவில்லை, உள்ளே ரொட்டி இல்லை. மரக்குழாய்களையும் விழுங்கிப் பார்த்தார். பறவைகளிடமிருந்து எடுத்த இரைப்பை நீரையும் இறைச்சியையும் கண்ணாடிக் குழாயில் அடைத்து, உடல் சூட்டுக்காகத் தன் அக்குளில் மூன்று நாள் வைத்துக்கொண்டார். சாற்றில் இருந்த இறைச்சி கரைந்தது, வெறும் நீரில் வைத்தது அழுகியது. செரிமானம் உடலுக்கு வெளியிலும் நடக்கும் என்பது உறுதியானது. வெப்பம் சமைப்பதில்லை, சாற்றின் வேலையை விரைவுபடுத்துகிறது, அவ்வளவுதான். இவை 1780-இல் நூலாக வெளிவந்தன.

வயிற்றில் ஒரு சன்னல்

அந்தச் சாறு எதனால் ஆனது? ஸ்பல்லன்சானி அதை அமிலம் என்று ஏற்கவில்லை. 1823-இல் இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் பிரவுட், முயல், குதிரை, கன்று, நாய் ஆகியவற்றின் இரைப்பை நீரை ஆராய்ந்து, அதில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருப்பதைக் காட்டினார். அமிலம் மட்டும் போதாது, புரதத்தை உடைக்க வேறொரு பொருளும் உண்டு என்று கண்டு, 1836-இல் அதற்குப் பெப்சின் என்று பெயரிட்டார் ஜெர்மானியரான தியோடர் ஷ்வான்.

இதற்கிடையே அமெரிக்காவில் ஒரு விபத்து நடந்தது. 1822 ஜூன் 6 அன்று மேக்கினாக் தீவில், தோல் வணிக நிறுவனத்தின் கடையில் துப்பாக்கி தவறி வெடித்து, அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற இளைஞரின் இடப்பக்கத்தைத் துளைத்தது. அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் இரைப்பைக்குள் திறக்கும் துளை மூடவில்லை. அவருக்குச் சிகிச்சை செய்த இராணுவ மருத்துவர் வில்லியம் போமண்ட், 1825 முதல் அந்தத் துளை வழியாகப் பட்டுநூலில் கட்டிய உணவுத் துண்டுகளை உள்ளே விட்டு வெளியே எடுத்துப் பார்த்தார். 1833-இல் வெளிவந்த அவருடைய நூலில் 238 சோதனைகள் உள்ளன. சிறு துண்டுகளாக்கிய உணவு விரைவில் கரைகிறது என்பதும், கோபம் வந்தால் செரிமானம் கெடுகிறது என்பதும் அவற்றிலிருந்து தெரிந்தன.

இந்தச் சோதனைகளை மார்ட்டின் விரும்பிச் செய்தவர் அல்லர். அவர் ஏழை, எழுத்தறியாதவர். போமண்டின் வீட்டில் வேலைக்காரராக இருந்து, ஒப்பந்தத்தின் பேரில் தன் வயிற்றைக் கொடுத்தார். நடுவில் கனடாவுக்குப் போய்விட்டார், திரும்ப அழைத்து வரப்பட்டார், 1834-இல் மீண்டும் போனவர் பிறகு போமண்டிடம் வரவே இல்லை. 1880-இல் அவர் இறந்தபோது, மருத்துவர்கள் உடலை அறுத்துவிடக் கூடாது என்று குடும்பத்தார் உடல் அழுகும்வரை வைத்திருந்து ஆழமான குழியில் புதைத்தார்கள். மனிதனுக்கு மறுக்கும் வாய்ப்பு சிறிதளவாவது இருந்தது. விலங்குகளுக்கு அதுவும் இல்லை.

பட்டினி கிடந்த முயல்கள்

பாரிஸில் கிளாட் பெர்னார்ட் என்ற உடலியலாளர் 1846-இல் சந்தையிலிருந்து வந்த சில முயல்களைக் கவனித்தார். அவற்றின் சிறுநீர் தெளிவாகவும் அமிலத் தன்மையுடனும் இருந்தது. புல் தின்னும் விலங்கின் சிறுநீர் கலங்கலாகவும் காரத் தன்மையுடனும் அல்லவா இருக்க வேண்டும்? முயல்கள் பட்டினியாக இருக்கின்றன, தங்கள் சொந்தத் தசையையே எரித்து வாழ்கின்றன, அந்த நிலையில் அவையும் ஊனுண்ணிகளே என்று அவர் ஊகித்தார். புல் கொடுத்தார், சிறுநீர் கலங்கியது. பட்டினி போட்டார், தெளிந்தது. பிறகு வேகவைத்த மாட்டிறைச்சியைக் கொடுத்துப் பார்த்தார். மறுபடியும் தெளிவாகவே இருந்தது.

அந்த முயல்களை அறுத்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. உறிஞ்சப்பட்ட கொழுப்பால் வெண்மையான நுண்குழல்கள் நாயில் சிறுகுடலின் தொடக்கத்திலேயே தெரியும். முயலிலோ வெகு தூரம் தள்ளித்தான் தெரிந்தன. ஏன்? முயலில் கணைய நாளம், பித்த நாளத்துக்குச் சுமார் 30 சென்டிமீட்டருக்கும் கீழே தள்ளிக் குடலில் திறக்கிறது. வெண்மை தொடங்குவதும் அந்த இடத்துக்குக் கீழேதான். ஆகவே கொழுப்பைச் செரிப்பதில் கணைய நீருக்கு முக்கியப் பங்கு உண்டு என்று தெரிந்தது. செரிமானம் இரைப்பையோடு முடிவதில்லை, பெரும்பகுதி சிறுகுடலில்தான் நடக்கிறது.

நாயை மட்டும் அறுத்துக்கொண்டிருந்தால் இது தெரிந்திருக்காது. நாயின் இரு நாளங்களும் அருகருகே திறக்கின்றன. முயலின் உடல் அமைப்புதான் விடையைக் காட்டிக்கொடுத்தது.

பெர்னார்ட் உயிருள்ள விலங்குகளை அறுத்தே ஆராய்ந்தவர். அவருடைய மனைவியும் மகள்களும் இதைக் கடுமையாக எதிர்த்தார்கள். கணவனும் மனைவியும் இறுதியில் பிரிந்தனர். 1878-இல் அவர் இறந்தபோது பிரான்ஸ் அரசு மரியாதையுடன் அடக்கம் செய்தது.

பாவ்லோவின் நாய்கள்

நாய்க்கும் மணியோசைக்கும் தொடர்புபடுத்தியே பாவ்லோவ் பெயரைப் பலர் அறிவார்கள். ஆனால் அவருக்கு 1904-இல் நோபல் பரிசு கிடைத்தது அதற்காக அல்ல, செரிமான ஆராய்ச்சிக்காக.

அவருக்கு முன்னிருந்தவர்கள் விலங்கை அறுத்த உடனேயே சோதித்தார்கள். வலியிலும் அதிர்ச்சியிலும் இருக்கும் உடல் இயல்பாக வேலை செய்யாது என்பது பாவ்லோவின் கருத்து. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரின் ஆய்வு நிறுவனத்தில் மனிதர்களுக்கு இருப்பது போன்ற தூய்மையான அறுவைக் கூடத்தை நாய்களுக்காக அமைத்தார். அறுவை முடிந்து, காயம் ஆறி, நாய் நலமாக நடமாடத் தொடங்கிய பிறகுதான் சோதனை தொடங்கும்.

1889-இல் அவரும் ஷூமோவா-சிமனோவ்ஸ்கயா என்ற பெண் மருத்துவரும் செய்த சோதனை புகழ்பெற்றது. நாயின் உணவுக்குழாயை வெட்டிக் கழுத்தில் திறக்கச் செய்தார்கள். நாய் ஆவலுடன் உண்ணும், ஆனால் உணவு கழுத்து வழியாக வெளியே விழுந்துவிடும், வயிற்றை அடையாது. சில நிமிடங்களில் வெறும் வயிற்றில் இரைப்பை நீர் சுரக்கத் தொடங்கியது. வயிற்றுக்குச் செல்லும் நரம்பை வெட்டினால் அது நின்றது. வாயில் உணவு பட்டதுமே, மெல்லும்போதே, வயிறு தயாராகிவிடுகிறது என்பது இதனால் தெரிந்தது.

இரைப்பையின் ஒரு பகுதியை நரம்புத் தொடர்பு அறாமல் தனிப்பையாகப் பிரிக்கும் அறுவையை 1894-இல் அவர் வெற்றிகரமாகச் செய்தார். அதற்கு முன் பல நாய்கள் இறந்தன. பிழைத்து ஆய்வுக்கு உதவிய நாயின் பெயர் துருஷோக், அதாவது ‘சின்ன நண்பன்’. ரொட்டி, இறைச்சி, பால் ஒவ்வொன்றுக்கும் சுரக்கும் நீரின் அளவும் வேகமும் வேறு வேறு என்று அந்த நாய் காட்டியது.

உமிழ்நீரும் அப்படித்தான். நாயின் வாயில் கூழாங்கற்களைப் போட்டால் அது புரட்டிப் பார்த்துத் துப்பிவிடும், உமிழ்நீர் அவ்வளவாக ஊறாது. அதே கல்லைப் பொடித்து மணலாகப் போட்டால் நிறைய ஊறும். கல்லைத் துப்ப நீர் வேண்டாம், மணலைக் கழுவத்தான் நீர் வேண்டும். உலர்ந்த இறைச்சிப் பொடிக்கு நிறைய, ஈரமான இறைச்சிக்குக் குறைவு. மனித உமிழ்நீரில் மாவுப்பொருளை உடைக்கும் நொதி உண்டு. நாயின் உமிழ்நீரில் அது அநேகமாக இல்லை. நாய்க்கு உமிழ்நீர், உணவை வழுக்கி உள்ளே செலுத்தும் எண்ணெய் போன்றது.

1935-இல் அந்த நிறுவன வளாகத்தில் நாய்க்கு ஒரு நினைவுச் சின்னம் எழுப்பப்பட்டது.

லண்டனில் ஒரு பழுப்பு நாய்

எல்லா நாய்களும் சின்னமாகி அமைதியாக நிற்கவில்லை. 1902 ஜனவரியில் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பேய்லிஸ், ஸ்டார்லிங் என்ற இருவர் மயக்க மருந்து கொடுத்த நாயின் குடல் பகுதி ஒன்றுக்குச் செல்லும் நரம்புகளை எல்லாம் வெட்டிவிட்டு அதற்குள் அமிலத்தை விட்டார்கள். நரம்பே இல்லாதபோதும் கணையம் சுரந்தது! குடலிலிருந்து ஏதோ ஒரு பொருள் இரத்தம் வழியாகக் கணையத்துக்குச் செய்தி கொண்டுபோகிறது. அதற்குச் செக்ரிட்டின் என்று பெயரிட்டார்கள். ஹார்மோன் என்ற சொல்லையே 1905-இல் ஸ்டார்லிங் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். எல்லாம் நரம்பின் வேலை என்று கருதிய பாவ்லோவும் தன் கூடத்தில் செய்து பார்த்து இதை ஏற்றுக்கொண்டார்.

மறு ஆண்டு, 1903 பிப்ரவரியில், அதே கல்லூரியில் உமிழ்நீர்ச் சுரப்பியைப் பற்றி மாணவர்களுக்கு விளக்க ஒரு பழுப்பு நிற நாய் பயன்படுத்தப்பட்டது. கணைய ஆய்வுக்காக அதன் வயிறு சில வாரங்களுக்கு முன்பே ஒருமுறை அறுக்கப்பட்டிருந்தது. வகுப்பில் இருந்த சுவீடன் நாட்டுப் பெண்கள் இருவர், நாய் முழு மயக்கத்தில் இல்லை, துடித்தது என்று எழுதினார்கள். பேய்லிஸ் இதை மறுத்து, அந்தக் குற்றச்சாட்டை மேடையில் பேசிய ஸ்டீபன் கோல்ரிட்ஜ் என்ற வழக்கறிஞர்மீது அவதூறு வழக்குத் தொடுத்து வென்றார். 2,000 பவுண்டு இழப்பீடும் கிடைத்தது.

ஆனால் விஷயம் அடங்கவில்லை. 1906-இல் பாட்டர்சி பகுதியில் அந்த நாய்க்குச் சிலை வைத்தார்கள். 1907-இல் மருத்துவ மாணவர்கள் சிலைக்கு எதிராக ஊர்வலம் போனார்கள், தொழிலாளர்களும் பெண் உரிமை இயக்கத்தவரும் சிலையின் பக்கம் நின்றார்கள், தெருவில் கைகலப்பு நடந்தது. 1910-இல் இரவோடிரவாகச் சிலை அகற்றப்பட்டது. 1985-இல் பாட்டர்சி பூங்காவில் புதிய சிலை வைக்கப்பட்டது.

ஒரே கல்லூரி, ஓராண்டு இடைவெளி, ஒரே வகை விலங்கு. ஒரு நாய் ஹார்மோன் இயலைத் தொடங்கி வைத்தது. இன்னொரு நாய், இப்படித்தான் அறிய வேண்டுமா என்ற கேள்வியைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. இரண்டில் எதையும் மறந்துவிட முடியாது.

மாட்டின் வயிற்றில் குடியிருப்பவர்கள்

அரிஸ்டாட்டில் எண்ணிய நான்கு வயிறுகளின் இரகசியம் கடைசியாகத்தான் அவிழ்ந்தது. புல்லின் நார்ப்பொருளான செல்லுலோசை உடைக்கும் நொதி மாட்டின் உடலில் உற்பத்தியாவதில்லை. 1843-இல் பிரான்ஸில் க்ரூபி, டெலஃபோன் என்ற இருவர் மாட்டின் முதல் வயிற்றில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் நீந்துவதைக் கண்டார்கள். அவற்றுள் காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்களைத் தனியே வளர்க்கும் முறையை 1940-களில் அமெரிக்க அறிஞர் ராபர்ட் ஹங்கேட் உருவாக்கினார்.

செல்லுலோசை உடைப்பவை இந்த நுண்ணுயிர்களே. மாடு அசைபோடுவது அவற்றுக்குப் புல்லை அரைத்துக் கொடுப்பதற்காக. பசு ஒரு நாளில் சுரக்கும் 100 லிட்டருக்கும் அதிகமான உமிழ்நீர், அந்த வயிற்றில் புளிப்பு மிகாமல் காக்கிறது. நுண்ணுயிர்கள் உண்டாக்கும் அமிலங்களை மாடு உறிஞ்சிக்கொள்கிறது. பிறகு நான்காவது வயிற்றில் அந்த நுண்ணுயிர்களையே செரித்துப் புரதத்தைப் பெறுகிறது. வயிறு புளிக்கும் பானை என்று சொன்னவர்கள் மாட்டின் முதல் வயிற்றைப் பொறுத்தவரை தவறாகச் சொல்லவில்லை.

முடிவாக

நாயின் கதைக்கு ஒரு பின்குறிப்பு உண்டு. 2013-இல் சுவீடன் ஆய்வாளர்கள் ஓநாய், நாய் ஆகியவற்றின் மரபணுக்களை ஒப்பிட்டார்கள். மாவுப்பொருளை உடைக்கும் கணைய நொதிக்கான மரபணு ஓநாயில் 2 படிகள்தான் இருந்தது. நாயிலோ 4 முதல் 30 வரை இருந்தது. மனிதன் பயிரிடத் தொடங்கிய பிறகு அவன் மிச்சம் வைத்த தானிய உணவைத் தின்று வாழ்ந்த நாயின் உடலே அதற்கேற்ப மாறியிருக்கிறது. பல்லும் தாடையும் ஓநாயுடையவை, கணையம் மனிதனின் அடுக்களைக்குப் பழகியது.

வயிறு அடுப்பா, அரவைக் கல்லா, புளிக்கும் பானையா என்ற பழைய கேள்விக்கு இன்று விடை தெளிவு. அரைத்தலும் உண்டு, புளித்தலும் உண்டு, கரைத்தல் எல்லா விலங்குகளுக்கும் பொது. எது எவ்வளவு என்பதை அந்தந்த விலங்கின் உணவு தீர்மானிக்கிறது. இன்று மனிதர்களுக்கு வயிற்றுப் புண்ணுக்கும் கணைய நோய்க்கும் மருத்துவம் பார்க்க முடிவது இந்த அறிவால்தான்.

அதைத் தந்தவற்றுள் பெரும்பாலானவற்றுக்குப் பெயரில்லை. ரெயோமூரின் பருந்துக்குச் சிலையில்லை, பெர்னார்டின் முயல்களுக்குக் கல்லறையில்லை. சோதனையில் விலங்குகளுக்குப் பதில் வேறு வழி தேடுதல், எண்ணிக்கையைக் குறைத்தல், வலியைக் குறைத்தல் என்ற மூன்று நெறிகளை 1959-இல் ரஸ்ஸலும் பர்ச்சும் நூலாக எழுதினார்கள். பல நாடுகளின் சட்டங்களில் அவை இடம்பெற்றுவிட்டன. இரைப்பையின் வேலையைச் செய்துகாட்டும் கருவிகளும் ஆய்வுக்கூடங்களுக்கு வந்துவிட்டன. பருந்துக்குக் குழாயைக் கொடுத்து, அது கக்கும்வரை காத்திருந்தார் ரெயோமூர். உயிரைப் பறிக்காமலும் கேள்வி கேட்கலாம் என்பதற்கு அந்தக் காத்திருப்பு ஒரு நல்ல முன்னுதாரணம்.